தலை பார்க்க வந்த சம்பந்தி

இதனால் தெப்து நகரப் பெண்கள் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், உஜ்தா நகரின் பழம்பெரும் காஜி வம்சத்தைச் சேர்ந்த சீமாட்டி லல்லா தூரியா அவர்கள், இன்று புதன்கிழமை காலை பத்து மணியளவில் நம்மூர்ப் பொதுக் குளியலகமான ஹம்மாமின் சூட்டறைக்கு எழுந்தருளி, தம் திருமகனுக்குப் பேசியிருக்கும் பெண்ணின் கூந்தலை நேரில் பார்வையிடுவார்.

இப்படி யாரும் தமுக்கு அடிக்கவில்லை. அடிக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. ஹம்மாம் வாசலில் வாளி எடுத்துத் தருகிறவள் காதில் விழுந்தால் போதும், மலைமேல் ஆடு மேய்ப்பவன் வரைக்கும் போய்விடும்.

பெண்ணைப் பெற்ற ரஹ்மா விடிவதற்குள் மகள் ஷாமாவின் தலையில் ஒரு துண்டை இறுக்கிச் சுற்றிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து எத்தனை தடவை தேநீர் குடித்தாலும் முக்காட்டுக்குள் இருப்பது தெரியாது. அதற்குத்தான் ஹம்மாம். சோப்பு போடுகிற சாக்கில் பல், முதுகு, முடி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போய், நிச்சயத்துக்குச் சர்க்கரைக் கூம்பு அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.

ஷாமாவின் முடி இடுப்பைத் தொட்டுக்கொண்டிருந்த முடிதான். குளிர்காலத்தில் காய்ச்சல் வந்தது. வசந்தம் வந்தபோது முடி சீப்போடு வந்தது. உச்சியில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தெரிந்தது.

"காய்ச்சலுக்குப் பிறகு கொட்டும், தானாக வளரும்" என்றார் மருந்துக்கடைக்காரர். இலவசமாகச் சொன்னதால் ரஹ்மா அதை மதிக்கவில்லை.

மலைக்குப் போனாள். ரோஸ்மேரித் தழையை ஒடித்துச் சாக்கில் கட்டி வந்தாள். மூன்று மாதம் வீட்டில் வேறு வேலை நடக்கவில்லை. கொதிக்கவைத்த நீரில் அலசல், ஆலிவ் எண்ணெயில் ஊறப்போட்டு வேர்க்காலில் தேய்ப்பு, மிஞ்சியதை அரைத்துப் பற்று. ஷாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம், கறிக்குப் போடும் அந்தத் தழையின் வாசத்தில், வாட்டிய ஆட்டுக்கறி ஞாபகம் வந்து பசித்தது.

பலன் இல்லை என்று சொல்ல முடியாது. தலையைச் சாய்த்து, வெளிச்சத்தில் பிடித்து, மனம் வைத்துப் பார்த்தால் விரற்கடை உயரத்துக்குப் பூனைமுடி தெரிந்தது. லல்லா தூரியா மனம் வைக்கிற ரகமாகத் தெரியவில்லை.

சூட்டறையில் எல்லோரும் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் முக்காலியில் வீற்றிருந்தாள். ஆவிக்கு நடுவிலிருந்து குரல் வந்தது.

"எங்க மாமியார் பின்னல வாரி முடிக்க ரெண்டு பேர் வேணும். எங்க வம்சத்துல முடிக்குப் பஞ்சமே வந்ததில்ல. ஏம்மா, பொண்ணு ஏன் இன்னும் தலைத்துண்டக் கழட்டல?"

"பத்து ஊறணும் லல்லா. இப்பக் கழட்டினா சளி புடிச்சிக்கும்" என்றாள் ரஹ்மா.

அடுப்புக்குப் பக்கத்தில் கொதிக்கிற அறையில் சளி. ரஹ்மாவுக்கே தன் வாயைப் பிடிக்கவில்லை. பற்று ஊற இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், சாயங்காலத் தொழுகை வரைக்கும் என்று சொல்லத் தயாராக இருந்தாள். ஷாமா இரண்டு கையாலும் துண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திட்டத்தில் ஒரே ஓட்டை, முதுகு தேய்க்கிற ம்பார்க்கா. வம்சம் கிம்சம் எதுவும் அவளுக்குத் தெரியாது. அழுக்குத்தான் தெரியும்.

"ஏண்டி, தொப்பியோட குளிக்கவா இவ்ளோ தூரம் வந்தே?" என்றபடி துண்டை உருவி எறிந்தாள். ஒரு வாளி வெந்நீரைக் கவிழ்த்தாள்.

பற்று வழிந்து தரையோடு ஓடியது. உச்சி பளிச்சென்று தெரிந்தது.



லல்லா தூரியா முக்காலியை விட்டு எழுந்தாள். அன்று அவள் எழுந்தது அதுதான் முதல் தடவை. ஷாமாவின் தலையைப் பிடித்தாள். கூரைக் கண்ணாடி வழியாக விழும் வெளிச்சத்துக்குச் சாய்த்தாள். வகிட்டில் விரலை விட்டு மெதுவாகத் தடவினாள்.

ரஹ்மா மனத்துக்குள், நிச்சயத்துக்குப் பேசியிருந்த சமையற்காரியை வேண்டாமென்று சொல்லி அனுப்பினாள். கையோடு, சின்னவளுக்கு வரவிருந்த வரன்களையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டாள். முடி கொட்டுகிற குடும்பம் என்று பெயர் விழுந்தால் ஒரு மகளோடு நிற்குமா?

"இது புதுசா முளைச்சதா?"

"ஆமா லல்லா." இனிப் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

"எவ்ளோ நாளாத் தேய்க்கறீங்க?"

"மூணு மாசமா."

லல்லா தூரியா சுற்றுமுற்றும் பார்த்தாள். அத்தனை பெண்களுக்கும் அந்த நொடியில் குதிகால் அழுக்கு பெரிய கவலையாகிவிட்டது, குனிந்து தேய்த்தார்கள். அவள் ரஹ்மாவுக்குப் பக்கத்தில், வெறும் ஈரத்தரையில், குந்தி உட்கார்ந்தாள். காதருகே வாயைக் கொண்டுவந்தாள். வம்சக் குரல் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"ஆம்பளைங்களுக்கும் முளைக்குமா சம்பந்தி?"

ரஹ்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகத்து வியர்வையை வழித்தாள். காலியாகக் கிடந்த முக்காலியைக் காலால் இழுத்தாள். அதில் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"தலையப் பாக்காம நான் எப்படிச் சொல்றது? பையனக் கூட்டிட்டு வாங்க, பாப்போம்."

காஜி வம்சத்தின் ஒரே வாரிசுக்கு வயது இருபத்தெட்டு. தலையில் முடி கிடையாது.