கப்பல் ஏன் திரும்பியது

அரங்க வாசலில் ஒரு பெண் பெரிய நோட்டை என் பக்கம் திருப்பினாள். வந்தவர்கள் எல்லோரும் அதில் பெயர் எழுத வேண்டுமாம்.

"கண்ணாடி எடுத்துட்டு வரலம்மா" என்றேன்.

கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது. கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து மாட்டிக்கொண்டேன்.

மேடையில் என் பெண்டாட்டி.

இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பல்கலைக்கழகத்தில் லத்தீன் இலக்கியம் நடத்துகிறாள். வீட்டில் நான் அவளை வாத்தியாரம்மா என்பேன். அவள் என்னை மேஸ்திரி என்பாள். நான் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். அத்தை மகள் என்பதால் எனக்கு வாய்த்தாள். இல்லாவிட்டால் அவள் படிப்புக்கு நான் எந்த மூலைக்கு?

இன்று பேராசிரியர் பதவிக்கான தேர்வு. முன்வரிசையில் மூன்று பேர். பேச்சைக் கேட்டு, கேள்வி கேட்டு, உண்டா இல்லையா என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள். இதற்கு முன் இரண்டு முறை இல்லை என்றார்கள். வயதைப் பார்த்தால் இதுதான் கடைசி வாய்ப்பு.

பேச்சு ஒரு கப்பல் பாட்டைப் பற்றி. யாரோ ஒருவன் லத்தீனில் எழுதிவைத்தது. பேர்கூடத் தெரியாது. நடுக்கடலில் கப்பல் திடீரென்று கரைக்குத் திரும்பிவிடும். ஏன் என்று பாட்டில் இல்லை. தெய்வக் கோபம் என்று ஒருவர், அரசியல் என்று இன்னொருவர், இருநூறு வருஷமாகத் தலையணை தலையணையாக எழுதித் தள்ளியிருக்கிறார்கள்.

எல்லாம் ஒரு வரியில் இருந்தது. தோலில் எழுதிய பழைய பிரதியில் அந்த வரி உண்டு. அதுவும் அடுத்த வரியும் ஒரே சொல்லில் ஆரம்பிப்பதால், முதலில் அச்சடித்தவர் கண் ஒன்றைத் தாவிவிட்டது. பின்னால் வந்தவர்கள் அவர் புத்தகத்தைப் பார்த்தே அச்சடித்துவிட்டார்கள்.

சமையல்காரனைக் கரையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்களாம். அவ்வளவுதான்!

அரங்கமே சிரித்தது. நானும் முதல் தடவை கேட்பவன் மாதிரி சிரித்தேன்.

முன்வரிசைத் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டே, அந்த வரி முதலில் யார் கண்ணில் பட்டது என்று கேட்டார்.

எனக்குப் பகீர் என்றது.

கிளம்பும்போதே படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன், என் கதையை அங்கே அவிழ்க்காதே, கொத்து வேலைக்காரனை வைத்தா ஆராய்ச்சி பண்ணினாய் என்று சிரிப்பார்கள் என்று. சரி என்று தலையாட்டினாள். அவள் தலையாட்டினால் கேட்டுக்கொண்டாள் என்று அர்த்தமில்லை. முப்பது வருஷமாகப் பார்க்கிறேனே.

"என் வீட்டுக்காரர் கண்ணுல பட்டுச்சு. அவருக்கு லத்தீன் தெரியாது."

அடிப்பாவி! கெடுத்தாளே காரியத்தை! நாற்காலியில் குறுகிப் போனேன்.

அவள் அசரவில்லை. நிதானமாகச் சொன்னாள். பிரதியையும் அச்சுப் புத்தகத்தையும் ஒப்பிட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிரதியின் படத்தைப் பார்த்து எழுத்து எழுத்தாக வாசிப்பார். இன்னொருவர் அச்சிலிருந்து கண்ணை எடுக்காமல் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே வருவார். பதினொரு வருஷம், ஞாயிறு மத்தியானம், எங்கள் சாப்பாட்டு மேஜையில் நடந்தது அதுதான்.

அந்த வரி வந்த ஞாயிறு மட்டும், இல்லாததை வாசிக்கிறீர்கள் என்று என்மேல் பாய்ந்தாள். இருப்பதைத்தான் வாசிக்கிறேன் என்று நானும் விடவில்லை. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் மறுபடி படத்தைப் பார்த்துவிட்டு, அந்த வாரமே ரயிலேறிப் போய் மூலப் பிரதியையும் பார்த்துவிட்டு வந்தாள்.

"லத்தீன் தெரிஞ்ச கண்ணு, அடுத்து என்ன வரும்னு நினைச்சுத் தாவிடும். இவர் தாவ மாட்டார். ஒவ்வொரு கல்லா வைக்கிறவர்" என்று கடைசி வரிசையில் இருந்த என்னைக் கைகாட்டினாள்.

தலைவர் எழுந்து பின்பக்கம் திரும்பினார். அந்த வரியை என்னைச் சொல்லச் சொன்னார்.

எழுந்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். ஒரு எழுத்து பிசகவில்லை.

"தெய்வக் கோபம்னு நாற்பது பக்கம் எழுதினவன்யா நான்" என்றார் அவர். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

மூன்று பேரும் ஐந்து நிமிஷம் குசுகுசுத்தார்கள். என் பெண்டாட்டி பேராசிரியர் ஆகிவிட்டாள். கைதட்டலில் என் கைதான் சத்தம், காய்ப்பு ஏறிய கை. பெருமை தாங்கவில்லை எனக்கு. யாரைப் பார்த்தாலும் அவள் என் அத்தை மகள் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது.

வெளியே வந்தால் அதே பெண், அதே நோட்டு.

"இப்போ கண்ணாடி போட்டிருக்கீங்களே சார்" என்று சிரித்தாள்.

பேனாவை வாங்கினேன். பக்கம் முழுக்கப் பெயர்கள். அதில் ஒன்றுகூட எனக்குப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன் நான். பஸ் வந்தால் எந்த ஊர் பஸ் என்று பக்கத்து ஆளைக் கேட்டுத்தான் ஏறுவேன். எழுத்துக் கற்றுத்தருகிறேன் என்று வாத்தியாரம்மா சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன். அவள் கெட்டிக்காரி. பிரதி வாசிக்க உதவி வேண்டும் என்று கேட்டாள்.

தோல் பிரதியில் உள்ள அந்தப் பழைய லத்தீன் எழுத்து மட்டும்தான் எனக்குத் தெரியும். ஈர சிமெண்டில் என் பெயரை அதில் எழுதிப் பார்த்து, யாரும் வருவதற்குள் கரணையால் இழுத்து அழித்துவிடுவேன்.

இன்றைக்கு நோட்டில் எழுதினேன். ஒவ்வொரு எழுத்தாக.

வாத்தியாரம்மா வந்து பக்கத்தில் நின்றாள். முதலிலிருந்து கடைசிவரை விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, என் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு டிக் போட்டாள்.