டீசல் திருடன்

டப்... டப்... என்று இருமிய படகு எஞ்சின், நடுக்கடலில் ஒரேயடியாக மூச்சை நிறுத்தியது.

"டேங்க் காலி. எங்கேடா டீசல்?" என்று டிரைவர் தன் அக்கா மகனின் சட்டையைப் பிடித்தார்.

பதினாறு வயது ஒல்லி விழித்தான். "எனக்கென்ன தெரியும் மாமா?"

"நேத்து படகுல காவலுக்குப் படுத்தது நீதானே? வித்துத் தின்னுட்டியா?"

"அந்த மூஞ்சியே சொல்லுதே" என்றார் சமையல்காரர்.

"கரைக்குப் போனதும் நேரா போலீஸ்தான்" என்றார் வலைக்காரர்.

"கரைக்கு எப்படிண்ணே போறது?" என்றான் ஒல்லி.

உதவிக்குக் கூப்பிடலாமென்றால், வயர்லெஸ் பெட்டி போன மாதமே செத்திருந்தது.

மறுநாள் வெயில் ஏற ஏற, மிச்சமிருந்த ஒரே தண்ணீர் கேனுக்கு மூன்று பெரிய மனிதர்களும் குழாயடிச் சண்டை போட்டார்கள். திருடனுக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது என்பதில் மட்டும் அபார ஒற்றுமை. இழுத்த இழுப்பில் கேன் சாய்ந்து, பாதி தண்ணீர் பலகையில் ஓடியது.

ஒல்லி எழுந்தான். மாமாவின் காதில் ஏதோ சொன்னான். முறுக்கு மீசை தொங்கிவிட்டது. அடுத்து வலைக்காரரின் காது. பிறகு சமையல்காரரின் காது.

"தம்பி சொல்றபடியே கேப்போம்பா" என்று சமையல்காரர் கேனைத் தூக்கி அவன் காலடியில் வைத்தார்.

அதன்பின் ஒல்லிதான் கேப்டன். தார்ப்பாயைக் காற்றுக்குப் பாயாக விரித்துக் கட்டச் சொன்னான், வலைக்காரர் ஓடினார். வேளைக்கு அரை டம்ளர் தண்ணீர்தான் என்றான், முனகல்கூட இல்லை. "மாமா, உள்ளே ஏறுற தண்ணியை இறைங்க" என்றான். வீட்டில் தான் சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தாத மாமா, பவ்யமாக வாளியை எடுத்தார்.

தண்ணீர் கேன் காலியாகும் தருவாயில், காவல் கப்பல் ஒன்று அவர்களைக் கண்டு ஏற்றிக்கொண்டது.

"எல்லாம் நம்ம வளர்ப்பு சார்" என்று மாமா மீசையை மறுபடி முறுக்கினார்.

கப்பல் அதிகாரி ஒல்லியைத் தனியே அழைத்தார். "இந்த முரடங்களை எப்படிப்பா மேய்ச்சே? காதுல ஏதோ சொன்னியாமே?"

"'நீங்க டீசல் வித்ததைப் பார்த்தேன், வெளியே சொல்ல மாட்டேன்'னு சும்மா அடிச்சு விட்டேன் சார். ஒருத்தராவது பயப்படுவாருன்னு நெனச்சேன், மூணு பேருமே அடங்கிட்டாங்க."