கட்டாய விருப்பம்

ஹெச்.ஆர். பிரசன்னா அந்த விருப்ப ஓய்வுப் படிவத்தை அறையில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தான்.

"யுவராணி மேடத்தோட இங்கிலீஷைப் பாருங்க. வேலையை விடக் காரணம், 'கம்பல்சரி வாலன்டரி'யாம்."

இரண்டு கிளார்க்குகளும் சிரித்தார்கள். மேலதிகாரி ஜோக்குக்குச் சிரிப்பதும் அவர்கள் வேலையில் சேர்த்தி.

யுவராணிக்குக் காது சுட்டது. இந்தத் திருமழிசை கம்பெனியில் பதினாறு வருஷம் பேக்கிங் மெஷினில் நின்றவள். அவளுக்குப் பின்னால் அதே படிவத்தோடு இன்னும் பதினோரு பெண்கள்.

"சூப்பர்வைசர் ஏகாம்பரம் சார்தான் சொன்னாரு. பேரு வாலன்டரி, ஆனா கம்பல்சரின்னு. ரெண்டையும் எழுதிட்டேன்."

"எங்கே படிச்சேம்மா?"

"நசரத்பேட்டைல. பத்தாவது."

"அதான். இதுக்குப் பேரு ஆக்ஸிமோரான், எதிரெதிர் வார்த்தையை ஒட்ட வைக்கிறது. ஓப்பன் சீக்ரெட், ஒரிஜினல் காப்பின்னு சொல்றாங்கல்ல, அந்த மாதிரி. இங்கிலீஷ்காரன் வேணும்னே எழுதினா அழகு. நீ எழுதினா தப்பு."

"இன்னா தப்பு? புரியறாப்பல சொல்லு சார்."

பாடம் நடத்தக் கூப்பிட்டால் பிரசன்னா விடுவானா? நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான்.

"கம்பல்சரின்னா, புடிக்குதோ இல்லையோ நீ போயே ஆகணும். வாலன்டரின்னா, நீயா இஷ்டப்பட்டுப் போறது. உனக்கு இஷ்டம் இல்லேன்னா ஒருத்தரும் உன்னை அனுப்ப முடியாது. ரெண்டும் எப்படி ஒண்ணா வரும்?"

"வராதுதான். அப்போ எது பொய்யோ அத்த நீயே அடிச்சிடு சார்."

பிரசன்னாவின் பேனா 'வாலன்டரி' மேல் ஒரு நொடி நின்றது. அதை அடித்தால் கம்பெனி கோர்ட் படி ஏற வேண்டும். சட்டென்று நகர்ந்து 'கம்பல்சரி'யை அடித்தான். அடித்த இடத்துக்குப் பக்கத்தில், ஆபீஸ் பழக்கத்தில், தன் கையெழுத்தையும் கிறுக்கினான்.

"இப்போ கரெக்ட். கீழே சைன் பண்ணு."

யுவராணி படிவத்தை வாங்கினாள். சைன் பண்ணவில்லை. பின்னால் நின்ற பெண்களிடம் நீட்டிக் காட்டினாள். பிறகு நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு இஷ்டம் இல்ல சார்" என்றவள் மெஷினைப் பார்க்க நடந்தாள். பின்னாலேயே பதினோரு பேரும்.