அடியில் கிடப்பது

ஏழு மாதக் கர்ப்பிணி மாரிக்கனிக்கு ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத்தான் நர்ஸ் எஸ்தர் அந்தச் சின்ன மெஷினைத் தூக்கிக்கொண்டு வெயிலில் வந்திருந்தாள். மாமியார் விடவில்லை.

"முதல்ல ஆம்பளைகளுக்குப் பாரு. சோறானாலும் எதுவானாலும் இந்த வீட்டுல ஒரு வரிசை இருக்கு."

"இது மாசமா இருக்கவங்களுக்கும்மா" என்று சொல்லிச் சொல்லி எஸ்தருக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். மறுத்தால் இந்த மகராசி இனி வாசல் ஏறவிடமாட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு மாமனார் விரலில் குத்தினாள். பிறகு புருஷன், கொழுந்தன். ரத்தத் துளி வைக்கும் ஸ்ட்ரிப், டப்பாவிலிருந்து ஆளுக்கொன்றாகத் தீர்ந்தது. மெஷின் காட்டிய எண்ணைப் பார்த்து அவரவர் மீசையைத் தடவிக்கொண்டார்கள். அடுத்து மாமியாரே விரலை நீட்டினாள்.

"ஸ்ட்ரிப் உங்க மருமகளுக்குப் பத்தாதும்மா."

"அடியில கிடக்கும், பாரு. அவளுக்கு அது போதும்."

மாரிக்கனியின் முறை வந்தபோது எஸ்தர் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒன்றும் விழவில்லை. ஆத்திரத்தில் இன்னொரு தடவை ஓங்கித் தட்டினாள்.

மாரிக்கனி நீட்டிய விரலை மடக்கிக்கொண்டாள். பிறகு அந்தக் காலி டப்பாவுக்காகக் கையை நீட்டினாள்.

"குடுங்கக்கா, கழுவி வச்சிடுறேன்."