பாடத்துக்கு மட்டும் பேச்சு

"டீச்சர், என் ஜோடியை மாத்துங்க. இந்தாளோட உக்கார மாட்டேன்" என்றார் கிம் போங்-சோக்.

டீச்சர் ஹியோ-ஜினுக்கு இது புதிதல்ல. கொரியாவின் பூசான் நகர மூத்தோர் மன்றத்து ஆங்கில வகுப்பில் எட்டுப் பேர். அதில் ஐந்து பேருக்குக் குடும்பப்பெயர் கிம். ஐந்து கிம்மில் முரட்டு கிம் இவர்தான். பக்கத்தில் இருந்த கிம் தல்-ஹோ அன்றுதான் சேர்ந்திருந்தார். பாவம், குனிந்த தலை நிமிரவில்லை.

"வந்த அன்னைக்கே விரட்டாதீங்க ஐயா. பாடத்துக்கு மட்டும் பேசுங்க, போதும்."

பலகையில் அன்றைய சொல்லை எழுதினாள்: எஸ்ட்ரேஞ்ட்.

"சொந்த ரத்தம்தான். உயிரோடதான் இருக்காங்க. ஆனா போக்குவரத்து கிடையாது, பேச்சு கிடையாது. அதுக்குத்தான் இந்தச் சொல்."

"இதுக்கெல்லாமா வெள்ளைக்காரன் சொல் வச்சிருக்கான்?"

"வச்சிருக்கானே! நீங்க ஒரு வாக்கியம் சொல்லுங்க. புது ஐயா 'ஒருவேளை'ன்னு ஆரம்பிச்சுப் பதில் சொல்லட்டும்."

போங்-சோக் பலகையைப் பார்த்தபடியே ஆங்கிலத்தில் திக்கினார். "நான், என் தம்பி, எஸ்ட்ரேஞ்ட். பன்னிரண்டு வருஷம். அம்மா செத்தாங்க. தம்பி வரல."

தல்-ஹோ தொண்டையைச் செருமினார். "ஒருவேளை... தம்பி மீன்பிடிக் கப்பல். தூரக் கடல். செய்தி வந்தது, ஒரு மாசம் கழிச்சு."

"அடேயப்பா, என்ன கற்பனை! விடாதீங்க ஐயா, கேளுங்க!" என்று போங்-சோக்கைத் தூண்டினாள் ஹியோ-ஜின்.

"அப்புறம்? வந்தானா?"

"ஒருவேளை வந்தான். அண்ணன், கதவு திறக்கல."

"மாட்டினாருடா முரட்டு கிம்!" என்று பின்வரிசை சிரித்தது.

போங்-சோக்கின் காது சிவந்தது. "தம்பி... இனிமே வருவானா?"

"ஒருவேளை. அண்ணன் கூப்பிட்டா."

போங்-சோக் புத்தகத்தைப் பட்டென்று மூடினார். ஆறாத புண்ணைக் கிளறிவிட்டோமே என்று ஹியோ-ஜினுக்கு உறுத்தியது. இனி இவர் இந்தப் பக்கம் வரமாட்டார்.

வகுப்பை விட்டு நிற்கிறேன் என்று சொல்லத்தான் போல, எல்லாரும் போனபின் போங்-சோக் மேசைக்கு வந்து நின்றார். கதவோரம் தல்-ஹோவும் நின்றிருந்தார்.

"மன்னிச்சுக்குங்க ஐயா. உங்க வீட்டுக் கதையைப் போயி எல்லார் முன்னாடியும்..."

"அது கிடக்கட்டும். அடுத்த வாரம் நாங்க ரெண்டு பேரும் லீவு" என்றார் போங்-சோக். "சூசோக் பண்டிகை வருது. அதுக்குள்ள அம்மா சமாதியைச் சுத்தம் பண்ணணும், புல்லு மண்டிக் கிடக்கு. பன்னிரண்டு வருஷம் நான் ஒருத்தனாவே வெட்டினேன், இந்த வருஷம் இவன் வெட்டட்டும்."