யூவன் சுற்றிவைத்த நூல்

ஸ்பே ஆற்றில் இடுப்பளவு நீரில் நிற்கிறாள் இஷ்பெல். கையில், போன வசந்தத்தில் இறந்துபோன கணவன் யூவனின் தூண்டில் கழி. அதில் தன்னுடைய மெல்லிய நூலைக் கோத்திருக்கிறாள். முதுகுக்குப் பின்னால் மரங்கள் நெருக்குவதால் நூலை நீரிலேயே வளையமிட்டு உருட்டி வீசுகிறாள். கழி வளையவே இல்லை. நூல் பக்கத்திலேயே துவண்டு விழுகிறது.

"பத்தாம் நம்பர் கழிக்கு ஏழாம் நம்பர் நூலா? கனமில்லாம கழி எப்படி வளையும்? யூவனோட நூல் எங்க?" கரையிலிருந்து கத்துகிறான் பழைய சிநேகிதன் டார்க்வில்.

"பையிலதான். கடைசியா அவன் சுத்தி வச்சது. ஒரு தடவை வீசிட்டா, திரும்ப என் கையாலதானே சுத்தணும்?"

"மீன் அக்கரையில துள்ளுதே, மகராசி!"

வெகுநேரம் கழித்து, யூவனின் நூல் சுற்றிய உருளையைப் பையிலிருந்து எடுத்துக் கழியில் மாற்றுகிறாள். கழி வில்லாய் வளைகிறது. அக்கரை வெயிலில் போய் விழுந்த நூல், ஓராண்டு சுற்றிக்கிடந்த வாகிலேயே சுருள் சுருளாக மிதக்கிறது.

"இழுத்து விடு, நேராயிடும்."

"இருடா. கொஞ்ச நேரம் அப்படியே கிடக்கட்டும்."