பத்திரிகைச் சான்று

"செங்கண்மாய் ஹால்ட் பக்கத்தை நீக்கணும்னு எழுதினது நீங்கதானே?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் வந்து நின்ற பெண்மணியை ரகுநாத் குழப்பத்துடன் பார்த்தார். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கல்லூரி வேலை போக மிச்ச நேரத்தில் இணையக் கலைக்களஞ்சியத்துக்கு எழுதுவதும், அதில் தேறாத கட்டுரைகளை நீக்கச் சொல்வதும் ரகுநாத்தின் வழக்கம். அதற்காக வீடு தேடி வந்து ஒருவர் கேட்பது இதுதான் முதல் தடவை.

"ஆமாங்க. நீங்க?"

"அழகி. அறந்தாங்கி கோர்ட்ல வக்கீல். அந்தப் பக்கத்தை எழுதினது நான்தான். நாளைக்குத் தூக்கிருவீங்களாமே? விட மாட்டேன்."

"உள்ள வாங்கக்கா, உக்காந்து சண்டை போடுங்க" என்றாள் ரகுநாத்தின் மனைவி வனிதா.

ரகுநாத் தொண்டையைச் செருமினார். "கோவிச்சுக்காதீங்க மேடம். ஒரு நாளைக்கு ரெண்டே ரயில். ஏறி எறங்குறது பத்துப் பேரு. ஒரு தகரக் கொட்டகை, ஒரு வேப்பமரம். ரயில் நிக்கிதுங்கிறதுக்காக எல்லா எடத்துக்கும் பக்கம் போட முடியுமா?"

"வேற என்ன வேணும்?"

"பத்திரிகைச் சான்று வேணும். அதைத்தானே எழுதியிருந்தேன்?"

"கொண்டாந்திருக்கேன்."

அழகி துணிப்பையைக் கவிழ்த்தார். மூலையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகளும் காதுகுத்துப் பத்திரிகைகளும் மேசைமேல் சரிந்தன.

"பின்பக்கம் பாருங்க. 'ரயிலில் வருவோர் செங்கண்மாய் ஹால்ட்டில் இறங்கவும்.' மொத்தம் அறுபத்திரண்டு."

"ஐயோ, பத்திரிகைன்னா இது இல்லங்க! நியூஸ் பேப்பர்!"

"அப்ப அதைத் தெளிவா எழுதியிருக்கணும், சார்."

"இது செல்லாதுங்க. விசேஷ வீட்டுக்காரங்களே அச்சடிச்சது. மூணாவது மனுசன் எழுதியிருக்கணும்."

வனிதா காபியை நீட்டினாள். "எங்க கல்யாணப் பத்திரிகையைக் காட்டினாக்கூட கல்யாணம் நடந்ததுக்குச் சான்று பத்தாதும்பாருக்கா இவரு."

ரகுநாத் அதைக் காதில் வாங்கவில்லை. "ஏன் மேடம் இவ்வளவு பிடிவாதம்? சொந்த ஊரா?"

"ஊருதான். ஆனா ஊருக்காக வரல. அந்த ஹால்ட் இல்லன்னா நான் வக்கீலே இல்ல."

"ரயிலேறிப் போய்ப் படிச்சீங்களாக்கும். அப்படி எத்தனையோ பேரு படிச்சிருக்காங்க. அது சான்றாகாது."

அழகி டம்ளரைக் கீழே வைத்தார். கைப்பையிலிருந்து லேமினேட் செய்த ஒரு பேப்பர் துண்டை எடுத்தார்.

"இதைக் காட்டாமலே ஜெயிச்சிரலாம்னு பாத்தேன். விட மாட்டேங்கிறீங்க."

ரகுநாத் உரக்கப் படித்தார். "'ரயில் நிற்காததால் நின்றது திருமணம். செங்கண்மாய், ஜூன் 13, 1988. மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பேர் வந்த ரயில், ஹால்ட்டில் வேகம் குறைந்தபோது யாரோ பச்சைத் துணியை ஆட்டியதால் நிற்காமல் சென்றுவிட்டது. அபசகுனம் என்று கூறி அவர்கள் அப்படியே ஊர் திரும்பினர்.'"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடேயப்பா! இது போதுமே!"

"நின்னு பேரு வாங்கல, நிக்காமப் போயி பேரு வாங்கியிருக்கு" என்று சிரித்த வனிதாவின் முகம் உடனே மாறியது. "பாவம், அந்தப் பொண்ணு என்ன ஆச்சுக்கா?"

"மறுநா பள்ளிக்கூடம் போயிருச்சு."

"டீச்சரா?"

"ஒன்பதாவது படிச்சுச்சு."

ரகுநாத் கணினியைத் திறந்தார். நீக்கச் சொல்லி எழுதிய குறிப்பைத் தானே எடுத்துவிட்டு, செய்தியைக் கட்டுரையில் சேர்த்தார்.

"பக்கம் இருக்கும், மேடம். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தப் பொண்ணு பேரும், துணியை ஆட்டினது யாருன்னும் தெரிஞ்சா கட்டுரை முழுசாயிரும். சான்று ஏதும் இருக்குங்களா?"

அழகி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"கல்யாணப் பொண்ணு நான்தாங்கிறதுக்கு அந்தக் குவியல்லயே பத்திரிகை இருக்கு, சார், பச்சைத் தாவணியை ஆட்டினதும் நான்தாங்கிற வரிக்கு மட்டும் 'சான்று தேவை'ன்னே போட்டு வைங்க, எங்கப்பாவுக்கு இன்னும் தெரியாது."